இயந்திரம் கொடுத்த வாக்குக்கு யார் பொறுப்பு?



காணியை விட்டு வந்த குடும்பங்கள் பலவற்றுக்குச் சிறு வியாபாரமே கைகொடுக்கிறது. மா இடித்து விற்பவர்கள், கோழி வளர்ப்பவர்கள், பால் சேகரிப்பவர்கள், பனையோலைப் பொருட்கள் செய்பவர்கள், சங்கமாகச் சேர்ந்து விதையும் பசளையும் விற்பவர்கள் என்று எமது வாசகர்களிற் பலர் இப்படித்தான் குடும்பத்தைக் கொண்டு நடத்துகிறார்கள். மண்வெட்டி பிடித்துப் பழகியவர்களுக்கு வியாபாரத்திற் கடினமாகப் படுவது எழுத்துவேலை. கணக்கு எழுத வேண்டும். வங்கிக்குக் கடிதம் எழுத வேண்டும். விலை கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் அனுப்ப வேண்டும். இவற்றையெல்லாம் நொடியிற் செய்து தருவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு கருவி கைத்தொலைபேசிக்குள் வந்திருக்கிறது. தானே எழுதும், தானே பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு என்று அதைச் சொல்கிறார்கள்.

உலகத்தின் பெரிய கம்பனிகள் பல இதைத் தமது தொழிலுக்குள் எடுத்துவிட்டன. சில கம்பனிகள் நன்மை பெற்றன. சில வழக்கிலும் வெட்கத்திலும் மாட்டிக்கொண்டன. எமது சங்கத்துக்கோ கடைக்கோ இதை எடுப்பதா என்று யோசிப்பவர்கள் முதலில் ஒரு கேள்விக்கு விடை வைத்திருக்க வேண்டும். அந்தக் கருவி பிழையாக ஒரு வாக்குக் கொடுத்தால் அதற்கு யார் பொறுப்பு? இந்தப் பாடம் அந்தக் கேள்வியைப் பற்றியது.

அது எப்படிப் பேசுகிறது?

2022 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் திகதி அமெரிக்காவின் ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடி என்ற நிரலைப் பொதுமக்களின் பாவனைக்கு விட்டது. அதன்பின் கூகுள், மெட்டா முதலிய நிறுவனங்களும் இதே வகை நிரல்களை வெளியிட்டன. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. கோடிக்கணக்கான பக்கங்களைக் கணனிக்குள் செலுத்தி, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்பதை அதற்குப் பழக்கிவிடுகிறார்கள். "மாரி மழை பிந்தியதால் விதைப்பும்" என்று நாம் தொடங்கினால் "பிந்தியது" என்று நீங்களே முடித்துவிடுவீர்கள். கணனியும் அப்படியே ஒவ்வொரு சொல்லாக, அடுத்து எது பொருந்தும் என்று கணக்குப் பார்த்து அடுக்கிக்கொண்டு போகிறது.

ஆனால் நீங்கள் அந்த வசனத்தை முடிக்கும்போது உங்கள் மனதில் ஒரு வயல் இருக்கிறது. பிந்திய ஒரு மாரி நினைவிருக்கிறது. கணனிக்குள் வயலும் இல்லை, மழையும் இல்லை. சொற்கள் மட்டுமே உண்டு. அதனால் விடயம் தெரிந்த இடத்திலும் தெரியாத இடத்திலும் அது ஒரே குரலிற் பேசும். "எனக்கு இது வடிவாகத் தெரியாது, போதனாசிரியரைக் கேட்டுப் பாருங்கோ" என்று ஒரு மனிதர் தயங்கும் இடத்தில் இது தயங்காமற் சொல்லிவிடக்கூடும். எழுத்து அழகாகவும் பணிவாகவும் இருப்பதால் வாசிப்பவருக்குச் சந்தேகமும் எழுவதில்லை.

எமக்கு இன்னுமொரு சிக்கலும் உண்டு. இந்த நிரல்களைப் பழக்கிய எழுத்தில் மிகப் பெரும்பகுதி ஆங்கிலம். தமிழ் எழுத்து குறைவு. அதிலும் இலங்கைக் கமக்காரர் பேசும் தமிழ் மிகவும் குறைவு. யாழ்ப்பாணத்தில் "நாலு பரப்பு வெங்காயம்" என்றால் காணியின் அளவு எல்லோருக்கும் விளங்கும். 16 பரப்பு ஓர் ஏக்கர். அந்தச் சொல்லைக் கணனி எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதை நாம் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

விமான நிறுவனமும் பயணியும்

மேலே கேட்ட கேள்விக்கு ஒரு நாட்டில் விடை கிடைத்திருக்கிறது. அந்தச் சம்பவத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

2022 நவம்பரில் கனடாவில் ஒருவருடைய பாட்டியார் இறந்தார். செத்தவீட்டுக்காக அவர் வன்கூவர் நகரிலிருந்து ரொறன்ரோவுக்குப் போகவேண்டியிருந்தது. இப்படியான துக்கப் பயணங்களுக்கு எயார் கனடா விமான நிறுவனம் குறைந்த கட்டணம் அறவிடுவது வழக்கம். அதைப் பற்றி அவர் அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் இருந்த பதில் சொல்லும் கருவியிடம் கேட்டார். ஏற்கெனவே பயணம் செய்தவரும் பயணச்சீட்டு வழங்கப்பட்ட 90 நாட்களுக்குள் படிவம் நிரப்பி அனுப்பினால் குறைந்த கட்டணத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று கருவி எழுதியது. அவர் அதை நம்பி முழுக் கட்டணத்துக்குச் சீட்டு வாங்கிப் போய்வந்தார்.

பிறகு காசைத் திருப்பிக் கேட்டபோது இல்லை என்றார்கள். பயணம் முடிந்த பின்னர் இந்தச் சலுகை கிடையாது என்பதே நிறுவனத்தின் விதி. அந்த விதி அதே இணையத்தளத்தின் வேறொரு பக்கத்தில் எழுதப்பட்டும் இருந்தது. கருவியின் பதிலிலேயே அந்தப் பக்கத்துக்குப் போகும் இணைப்பும் இருந்தது. கருவி சொன்னது ஒன்று, பக்கத்தில் எழுதியிருந்தது இன்னொன்று.

அந்தப் பயணி ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். கருவி எழுதிய பதிலைப் படமாகப் பிடித்து வைத்திருந்தார். அதை அனுப்பிக் கேட்டபோது, கருவியின் சொற்கள் தவறான எண்ணத்தைத் தருபவை என்று நிறுவனத்தின் ஊழியர் ஒருவரே ஒப்புக்கொண்டார். ஆனால் காசு வரவில்லை. பதிலாக, அடுத்த பயணத்துக்குப் பாவிக்கும்படி 200 டொலர் பெறுமதியான சலுகைச் சீட்டுத் தருவதாகச் சொன்னார்கள். அவர் அதை ஏற்காமல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் குடிசார் தீர்ப்பாயத்துக்குப் போனார். சிறிய தொகை வழக்குகளை அதிகச் செலவில்லாமல் விசாரிக்கும் அமைப்பு அது.

அங்கே நிறுவனம் முன்வைத்த வாதம் கவனிக்கத்தக்கது. தனது முகவர்களோ, வேலையாட்களோ, பிரதிநிதிகளோ கொடுத்த தகவலுக்குத் தான் பொறுப்பாளி இல்லை என்றது. பதில் சொல்லும் கருவியையும் அந்த வரிசையிற் சேர்த்தது. அப்படியானால் இந்தக் கருவி தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனியாள் என்றல்லவா நிறுவனம் சொல்ல வருகிறது என்று தீர்ப்பாயம் வியந்தது. 2024 பெப்ரவரி 14 ஆம் திகதி தீர்ப்பு வந்தது. கருவி இணையத்தளத்தின் ஒரு பகுதி. தளத்திலுள்ள எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு. ஒரு பக்கத்தில் உள்ளதை இன்னொரு பக்கத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் கடமை வாடிக்கையாளருக்கு இல்லை. கருவி சரியாகப் பதில் சொல்வதை உறுதிசெய்ய நிறுவனம் போதிய கவனம் எடுக்கவில்லை. இவ்வளவையும் சொல்லி, 650 டொலரும் 88 சதமும் நட்டஈடாகக் கொடுக்கச் சொன்னது. வட்டியும் தீர்ப்பாயக் கட்டணமும் சேர்த்து மொத்தம் 812 டொலரும் 2 சதமும்.

அந்தக் கருவிக்குள் எவ்வகை நிரல் இருந்தது என்பதை நிறுவனம் தீர்ப்பாயத்துக்குச் சொல்லவில்லை. பழைய வகையோ புதிய வகையோ, தீர்ப்பு அதைப் பொறுத்ததாக இருக்கவும் இல்லை. எமது கடைத்தெருவிலும் இதுதானே வழக்கம். கடையில் நிற்கும் பையன் "தேங்காய் ஒன்று நூறு ரூபா" என்று சொல்லிக் காசும் வாங்கிய பிறகு, முதலாளி வந்து "அவன் சொன்னது அவனோடை" என்றால் ஊர் ஒப்புக்கொள்ளுமா? எமது கணிப்பின்படி அந்த நிறுவனம் அதிகம் இழந்தது 812 டொலரை அல்ல. துக்கவீட்டுக்குப் போன மனிதருக்கு முதற் கடிதத்திலேயே காசைக் கொடுத்துவிட்டுக் கருவியைத் திருத்தியிருந்தால், அதன் பெயர் உலகப் பத்திரிகைகளில் இந்த விதமாக வந்திராது.

எச்சரிக்கைப் பலகை போதுமா?

"பிழை வரலாம் என்று முதலிலேயே எழுதி வைத்துவிட்டால் எம்மீது குற்றம் வராது" என்று சிலர் நினைக்கிறார்கள். நியூசிலாந்தில் பாக்அன்சேவ் என்ற பலசரக்குக் கடைத்தொடர் 2023 இல் ஒரு சமையற் கருவியை விட்டது. வீட்டில் மிஞ்சியிருக்கும் பொருட்களின் பெயரை எழுதினால், அவற்றைக் கொண்டு என்ன சமைக்கலாம் என்று அது சொல்லும். மிஞ்சியதை வீணாக்காமல் இருக்க நல்ல யோசனைதான்.

அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஒருவர் சோதித்துப் பார்ப்பதற்காகத் தண்ணீர், துணி வெளுக்கும் திரவம், அமோனியா என்று எழுதினார். கருவி கொஞ்சமும் தடுமாறாமல் மூன்றையும் கலந்து தாகம் தீர்க்கும் வாசனைப் பானம் செய்யச் சொன்னது. வெளுக்கும் திரவமும் அமோனியாவும் சேர்ந்தால் நுரையீரலைப் பாதிக்கும் நச்சு வாயு கிளம்பும். வேறு சிலருக்கு எறும்பு மருந்தும் பசையும் வைத்த பாண் செய்யும் முறையையும் அது எழுதிக் கொடுத்தது. சிறு தொகையினர் கருவியை முறைகேடாகப் பாவித்துவிட்டார்கள் என்று நிறுவனம் மனவருத்தம் தெரிவித்தது. இந்தச் சமையற் குறிப்புகளை மனிதர் யாரும் பார்வையிடுவதில்லை என்ற அறிவித்தலும் அந்தத் தளத்தில் இருந்தது.

அந்த அறிவித்தலை நாம் இரண்டு முறை வாசிக்க வேண்டும். யாரும் பார்வையிடாத சாப்பாட்டைக் கடைக்காரர் உங்களுக்குப் பரிமாறுகிறார் என்பதே அதன் பொருள். கேட்டவர் வேடிக்கைக்குக் கேட்டார். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. போத்தலின் பெயரை வாசிக்கத் தெரியாத ஒரு சிறுபிள்ளை தொலைபேசியை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சரிபார்க்கும் விடயத்தில் இன்னொரு சம்பவமும் சொல்ல வேண்டும். நியூயோர்க்கில் ஒரு வழக்குக்காகச் சட்டத்தரணிகள் சாட்ஜிபிடியைக் கொண்டு முன்னைய தீர்ப்புகளைத் தேடி நீதிமன்றத்துக்குக் கொடுத்தார்கள். அவற்றில் ஆறு தீர்ப்புகள் உலகத்திலேயே இல்லாதவை; கருவி தானே கட்டியவை. கொடுப்பதற்கு முன் சட்டத்தரணி சரிபார்க்கத்தான் செய்தார். எப்படி? "இந்த வழக்கு உண்மையானதா?" என்று அதே கருவியிடமே கேட்டார். ஆம் என்றது. 2023 யூன் மாதத்தில் நீதிபதி 5,000 டொலர் தண்டப்பணம் விதித்தார். கணக்குப்புத்தகத்தைச் சரிபார்க்க, அதை எழுதியவரையே கேட்டால் எப்படியிருக்கும் என்பது சங்கப் பொருளாளர்களாக இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எமது கடைக்கு வந்தால்

இனி எமது இடத்துக்கு வருவோம். விதையும் பசளையும் கிருமிநாசினியும் விற்கும் ஒரு கூட்டுறவுக் கடையை எடுத்துக்கொள்வோம். ஒரு கிழவர் வருகிறார்.

"பிள்ளை, மிளகாய்க் கண்டு எல்லாம் இலை சுருளுது. என்ன அடிக்கலாம்?"

"இலை மேல்பக்கமாச் சுருளுதோ ஐயா, கீழ்ப்பக்கமாச் சுருளுதோ? ஓரிலை பிடுங்கிக்கொண்டு வந்தனீங்களோ?"

அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியிலேதான் முழு விடயமும் இருக்கிறது. மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி. கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணி. இரண்டுக்கும் ஒரே மருந்து சரிவராது. வெண்ணீ பரப்பும் வைரசு நோயென்றால் எந்த மருந்தும் கண்டைக் குணப்படுத்தாது. நோய்ப்பட்ட கண்டைப் பிடுங்கி அழிக்க வேண்டியதுதான். கிழவர் கையில் கொண்டுவந்த இலையைக் கண்ணாற் பார்த்து, அவருடைய காணியையும் முந்திய போகத்தையும் விசாரித்துச் சொல்லும் பதில் இது.

இந்தக் கடை, ஆள் இல்லாத நேரத்திலும் பதில் போகட்டும் என்று தொலைபேசியில் வரும் கேள்விகளைக் கருவியிடம் விட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கருவி நன்றாகத்தான் பதில் சொல்லும். பத்துக் கேள்விக்கு எட்டுப் பதில் சரியாகவும் இருக்கலாம். ஆனால் அது கற்ற எழுத்து உலகம் முழுவதிலிருந்தும் வந்தது. உதாரணத்துக்குப் பரகுவாற் என்ற களைநாசினி. இலங்கையில் எத்தனையோ உயிர்களைக் குடித்தது அது. டைமெதோவேற், பென்தியோன் ஆகியவற்றோடு சேர்த்து 2008 முதல் 2011 வரையான ஆண்டுகளில் இங்கே படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது. அமெரிக்காவில் அது அதன் பின்னரும் விற்பனையில் இருந்தது. அங்கே எழுதப்பட்ட கமத்தொழிற் பக்கங்களிற் கற்ற ஒரு கருவி, களைக்கு என்ன அடிக்கலாம் என்று கேட்டால் அந்தப் பெயரைச் சொல்வதில் என்ன ஆச்சரியம்?

அளவிலும் இதே ஆபத்து உண்டு. உலகத்தின் பல இடங்களில் மருந்தின் அளவை ஹெக்டேயருக்கு இவ்வளவு என்று எழுதுவார்கள். ஒரு ஹெக்டேயர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். ஹெக்டேயரின் அளவை ஏக்கருக்கென்று எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து பயிருக்குப் போகும். அதை விசிறுபவரின் உடம்பிலும் படும், கிணற்றிலும் சேரும். கடன்பட்டு வாங்கிய விதை கருகிப்போனால், அந்தக் குடும்பத்துக்கு அடுத்த போகத்துக்கு அடகு வைக்கக்கூட ஒன்றும் இருக்காது. மருந்தின் பெயரும் அளவும் போத்தலில் ஒட்டியிருக்கும் துண்டிலிருந்தோ, விவசாயப் போதனாசிரியரிடமிருந்தோ, விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்திலிருந்தோதான் வர வேண்டும். இந்த விடயத்தில் விட்டுக்கொடுப்பு இருக்கக்கூடாது என்பது எமது உறுதியான கருத்து.

அதே கடை அதே கருவியைக் கொண்டு வேறு பல வேலைகளைத் தாராளமாகச் செய்யலாம். கடை திறக்கும் நேரத்தையும் வந்திறங்கிய விதையின் விபரத்தையும் அறிவித்தலாக எழுதுவிக்கலாம். சிங்களத்தில் வந்த கடிதம் ஒன்றின் சாரத்தைத் தெரிந்துகொள்ளலாம். கையொப்பம் வைக்கும் கடிதமென்றால் மொழி தெரிந்த ஒருவர் ஒருமுறை பார்க்க வேண்டும். வங்கிக்கு எழுதும் கடிதத்தின் முதற் படியை எழுதுவிக்கலாம். ஊறுகாய்ப் போத்தலின் துண்டுக்கு ஆங்கில வாசகம் எழுதுவிக்கலாம். பிழைத்தால் ஒரு கடதாசியைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதலாம் என்ற வேலைகள் இவை. பிழைத்தால் திருப்பி எடுக்க முடியாத வேலைகள் வேறு: மருந்தின் அளவு, கடன் கொடுப்பதா விடுவதா என்ற முடிவு, காணி உறுதியின் பொருள், ஒருவருடைய பெயரைப் பட்டியலிற் சேர்ப்பதும் வெட்டுவதும்.

பிறருடைய கடதாசிகள்

பட்டியல் என்றதும் எம்மில் எத்தனை பேருக்கு நெஞ்சு இறுகும் என்பது தெரியும். முகாமிலும் நலன்புரி நிலையத்திலும் நிவாரண வரிசையிலும் எத்தனை பட்டியல்களில் எமது பெயர்கள் எழுதப்பட்டன. யார் எழுதினார்கள், அது எங்கே போனது என்று கேட்கும் நிலையில் நாம் இருக்கவில்லை.

தென்கொரியாவின் சாம்சங் நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர் 2023 ஆம் ஆண்டின் முற்பகுதியில் நிறுவனத்தின் இரகசிய நிரல்களைத் திருத்துவதற்காகச் சாட்ஜிபிடிக்குள் இட்டார்கள். கூட்டக் குறிப்பும் அப்படியே போனது. வெளி நிறுவனம் ஒன்றின் கணனிக்குள் ஒருமுறை போனதைத் திரும்ப எடுக்க வழியில்லை என்று கண்ட சாம்சங், அந்த ஆண்டு மே மாதத்தில் இவ்வகைக் கருவிகளைத் தன் கணனிகளிற் பாவிப்பதைத் தடுத்தது. அந்த ஊழியர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. வேலை விரைவாக முடியட்டும் என்று செய்தார்கள்.

எமது சங்கச் செயலாளரும் அதே நல்ல எண்ணத்தோடு, கடன் பெற்ற உறுப்பினர்களின் பட்டியலைப் பெயர், அடையாள அட்டை இலக்கம், விதவையா, கணவர் காணாமற் போனவரா என்ற விபரங்களோடு இலவசமாகக் கிடைக்கும் ஒரு கருவிக்குள் இட்டு "இதை ஒழுங்குபடுத்தித் தா" என்று கேட்கக்கூடும். அந்த விபரங்களை அந்தப் பெண்கள் சங்கத்தை நம்பிக் கொடுத்தார்கள். கடல் கடந்து இருக்கும் ஒரு கம்பனியை நம்பிக் கொடுக்கவில்லை. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. ஒருவரைப் பற்றிய தகவலை என்ன நோக்கத்துக்காக வாங்கினோமோ அந்த நோக்கத்துக்கு மாத்திரம் பாவிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. சட்டம் இல்லாத காலத்திலும் நல்ல செயலாளர்கள் அப்படித்தான் நடந்தார்கள். பெயரையும் இலக்கத்தையும் எடுத்துவிட்டு "உறுப்பினர் 1, உறுப்பினர் 2" என்று மாற்றி இட்டாலே பெரும்பாலான கணக்குவேலை நடந்துவிடும்.

மேசைக்கு முன்னாலா, பின்னாலா?

இவ்வளவும் வாசித்தவர்கள் "அப்படியானால் இந்தத் தலையிடி எமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நன்மையடைந்த இடமும் உண்டு.

அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் 2023 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாடிக்கையாளரின் கேள்விகளுக்குப் பதில் எழுதும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்களை அவர்கள் கவனித்தார்கள். அந்த ஊழியர்களிற் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் நாட்டவர். அங்கே கருவி வாடிக்கையாளருடன் நேரே பேசவில்லை. ஊழியரின் திரையில் மாத்திரம் "இப்படிப் பதில் சொல்லலாம்" என்று ஒரு யோசனையைக் காட்டியது. எடுப்பதும் விடுவதும் ஊழியரின் விருப்பம். ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைத்த பிரச்சினைகளின் தொகை சராசரியாக 14 சதவீதம் கூடியது. வேலைக்குப் புதியவர்களுக்கும் திறமை குறைந்தவர்களுக்கும் 34 சதவீதம் கூடியது. பழகிய கைகளுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. கருவி யோசனை சொல்லக் கற்றதே அந்தப் பழகிய கைகளின் பேச்சைப் பார்த்துத்தானே! (அவர்களுக்கு அதற்காக மேலதிகமாக ஏதும் கொடுக்க வேண்டாமா என்று இதை எழுதும்போது ஒரு கேள்வி எழத்தான் செய்கிறது.)

விமான நிறுவனத்திலும் சமையற் கருவியிலும் இயந்திரம் மேசைக்கு முன்னால் நின்று சனங்களோடு நேரே பேசியது. இங்கே அது மேசைக்குப் பின்னால், ஒரு மனிதரின் காதருகே இருந்தது. பேசிய வாய் மனிதருடையது. எமது கடைப் பிள்ளைக்கும் இப்படியான உதவி நல்லதுதான். கேள்வி வந்ததும் கருவி ஒரு பதிலை எழுதட்டும். பிள்ளை அதை வாசித்து, இலையைப் பற்றிக் கேட்க வேண்டியதைக் கேட்டு, திருத்திய பிறகு அனுப்பட்டும். அதற்காக அந்தப் பிள்ளையை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று எந்த நிர்வாகக் குழுவாவது நினைத்தால், இலையைப் பார்க்கத் தெரிந்த கண்ணையே கடை இழந்துவிடும்.

கூட்டத்தில் எழுதவேண்டியவை

பெரிய நாடுகளில் இதற்கென்று வழிகாட்டிகள் உண்டு. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2023 சனவரியில் ஒன்றை வெளியிட்டது. எழுதும் வகைக் கருவிகளுக்கென 2024 யூலையில் அதற்கு ஓர் இணைப்பும் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 ஓகஸ்ட் 1 ஆம் திகதி நடைமுறைக்கு வரத் தொடங்கியது. மனிதர் ஒருவர் இயந்திரத்தோடு பேசுகிறார் என்றால் அதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி அதில் உண்டு. நூற்றுக்கணக்கான பக்கங்கள் அவை. எமது சங்கத்துக்குக் கூட்ட அறிக்கையில் அரைப் பக்கம் போதும்.

முதலில் ஒரு பெயர் எழுதப்பட வேண்டும். கருவியின் பேரில் வெளியே போகும் ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பான ஆள் இன்னார் என்று. "குழு பொறுப்பு" என்று எழுதினால் ஒருவரும் பொறுப்பில்லை என்பதை எல்லோரும் அறிவர். அந்த ஆளுக்குக் கருவியை நிறுத்தும் அதிகாரமும் இருக்க வேண்டும். அடுத்து, எந்தெந்த வேலைக்குப் பாவிக்கலாம், எதற்குக் கூடாது, எந்தக் கடதாசி அதற்குள் போகக்கூடாது என்பதைப் பேசி முடிவெடுத்து எழுத வேண்டும். பதில் எழுதியது இயந்திரம் என்றால் வாடிக்கையாளருக்கு அதைச் சொல்வது, மனிதரோடு பேச விரும்புகிறவருக்கு ஒரு தொலைபேசி இலக்கம் கொடுப்பது, பிழையால் ஒருவருக்கு நட்டம் வந்தால் சங்கம் அதை எப்படி ஈடுசெய்யும் என்பது, இவையும் அந்த அரைப் பக்கத்துக்குள் வர வேண்டும். இந்தக் கடைசி விடயத்தை எழுத மனம் வராத சங்கம் கருவியை இப்போதைக்கு எடுக்காமல் இருப்பதே நல்லது.

பாவிக்கத் தொடங்க முன் ஒரு கிழமை சோதனை செய்யுங்கள். விடை எமக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த இருபது கேள்விகளை எமது பேச்சுத் தமிழிலேயே கேளுங்கள். பரப்பு, போகம், கண்டு, தறை என்ற சொற்களையும் சேர்த்துக் கேளுங்கள். வேண்டுமென்றே பிழையான கேள்விகளையும் கேளுங்கள். எத்தனை பிழைத்தது என்பதை எழுதி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இருபதையும் திரும்பக் கேளுங்கள். இந்த நிரல்களைக் கம்பனிகள் அடிக்கடி மாற்றுவதால், முந்திய மாதம் சரியாகச் சொன்ன பதில் அடுத்த மாதம் மாறியிருக்கக்கூடும்.

குழுவிற் கலந்துரையாட

உங்கள் மாதர் சங்கத்திலோ கமக்காரர் அமைப்பிலோ இந்தப் பாடத்தை ஒருவர் உரத்து வாசித்த பிறகு இவற்றைப் பேசிப்பாருங்கள். எமது தொழிலில், பிழைத்தால் திருப்பி எடுக்க முடியாத வேலைகள் எவை? எமது பெயரும் விபரமும் இப்போது யார் யாரிடம் இருக்கின்றன. அவர்கள் அவற்றைக் கணனிக்குள் இடுகிறார்களா என்று நாம் அவர்களைக் கேட்டதுண்டா? வங்கியிலோ உதவி நிறுவனத்திலோ உங்கள் விண்ணப்பத்தை மறுத்தது மனிதரா இயந்திரமா என்று கேட்க உங்களுக்குத் துணிவு வருமா, வராவிட்டால் யார் உங்களுடன் வந்தால் வரும்?

எழுத வாசிக்கச் சிரமப்படும் உறுப்பினர்களுக்கு ஒரு காரியத்தைச் செய்து காட்டுங்கள். தொலைபேசியில் வந்த ஒரு பதிலை, திகதி தெரியும்படியாகப் படம்பிடித்து வைப்பது எப்படி என்பதே அது. அநேகமான தொலைபேசிகளில் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் நிறுத்தும் பொத்தானையும் ஒன்றாக அழுத்தினால் போதும்.